வெடியுப்பும் ஒரு பழைய புல்லட்டும்

[வண்டிச் சத்தம்: சீராக ஓடும் என்ஜின், நடுவில் இரண்டு வெடிப்பு]

நீங்க இப்போ கேட்டது பட்டாசு இல்ல. எங்க அப்பாவோட பழைய புல்லட். பொன்னேரியில இருந்து பழவேற்காடு போற ரோட்டுல, ஃபோனைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் பதிவு பண்ணது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சருக்குள்ள ‘டப்’னு ஒண்ணு. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. வெறும் சத்தம்னா கண்டுக்காம விட்டிருப்பேன். கூடவே வண்டியோட இழுவையும் போயிடுச்சு. வழியில ஒரு மேம்பாலம் ஏறும்போது மூணாவது கியர்ல திணறி, ரெண்டுக்கு இறக்கி, பின்னாடி வந்த லாரிக்காரர் ஹாரன்லயே என்னைத் திட்டித் தீர்த்தார்.

இந்த வண்டிக்கு ஏற்கெனவே நாள் குறிச்சாச்சு. சென்னையில ஒரு கடையில காட்டினப்போ, “என்ஜின் இறக்கணும், வால்வு போயிருக்கும், செலவு நிறைய ஆகும்”னு சொல்லியிருந்தாங்க. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, “இதுக்கு மேல இதுல காசு போட வேணாம், இரும்புக் கடைக்குக் குடுத்துடலாம்”னுட்டார். சொல்லிட்டு அவர் வண்டிப் பக்கம் திரும்பவே இல்ல. கடைசியா ஒரு தடவை நீளமா ஓட்டிடலாம்னுதான் நான் எடுத்துட்டுக் கிளம்பினேன்.

போனது வேற வேலைக்கு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வெடிமருந்து தயாரித்தார்கள். அதைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணலாம்னு கோட்டை, கல்லறை எல்லாம் பார்க்கப் போனேன். அங்க வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒரு மணி நேரத்துல காட்டின விஷயம், நான் எழுதி வெச்சிருந்த குறிப்புகளையே வேற மாதிரி படிக்க வெச்சுது. அதனால இந்த எபிசோட்ல ரெண்டும் சேர்ந்தே வரும்.

முதல்ல ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு ஏரிதான். அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. தெற்கு மூலை நம்ம பக்கம். வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு. ராக்கெட் விடற ஸ்ரீஹரிகோட்டா அதுலதான் இருக்கு. கடல் தண்ணி முகத்துவாரம் வழியா உள்ள வரும், மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி வந்து கலக்கும். கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், ஜமீலாபாத்னு சுத்தி மீனவர் ஊர்கள். இறால், நண்டு, மடவை. அந்த ஊர்ல உப்பு இல்லாத பொருள்னு ஒண்ணு கிடையாது. காத்துல உப்பு, மண்ணுல உப்பு, கதவுத் தாழ்ப்பாள்ல உப்பு.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்க கட்டின கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். 1613இல் எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை இங்கிருந்தே எல்லாம் நடந்தது. பாடப் புத்தகத்துல துணி வியாபாரம்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. துணி முக்கியம்தான், அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகள்ல மிளகும் கிராம்பும் வாங்கினாங்க. ஆனா பழவேற்காட்டிலிருந்து இன்னொரு சரக்கும் கப்பல் ஏறியது. வெடிமருந்து. கம்பெனியோட கிழக்குக் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் இங்கே அரைத்த மருந்து போனது.

வெடிமருந்துல மூணே பொருள்: வெடியுப்பு, கந்தகம், கரி. நெருப்புக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தர்றது வெடியுப்பு. கரியும் கந்தகமும் எரியற பொருள். சுத்தியும் காத்து இல்லாட்டாலும் இது எரியும், ஏன்னா காத்தோட வேலையை வெடியுப்பு உள்ளேயே செய்யுது. பீரங்கிக் குழாயோட அடியில அடைச்சுப் பத்த வெச்சா குண்டு பறக்கும். அதே மருந்து ஆலையிலேயே பத்திக்கிட்டா ஆலை பறக்கும். எரியற பொருள், எரிக்கற பொருள், பொறி, இது மூணும் எந்த இடத்துல, எந்த நேரத்துல சந்திக்குதுங்கறதுதான் மொத்தக் கதையும்.

இன்னிக்குக் கோட்டைன்னு பார்க்க ஒண்ணும் இல்ல. புதர் மண்டின மேடு, சுத்தி அகழி. டச்சுக் கல்லறைதான் நல்லாப் பாதுகாப்பா இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நம்மளை வரவேற்கும். அதைப் போட்டோ எடுத்துட்டு வெளிய வந்து வண்டியை உதைச்சா, ஸ்டார்ட் ஆகுது, நிக்குது. ஆகுது, நிக்குது. கல்லறை வாசல்லயே உயிர் போறது கொஞ்சம் ஓவர்னு நினைச்சுக்கிட்டு, தள்ளிக்கிட்டே கோட்டைக்குப்பம் பக்கம் ஒரு மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைன்னா ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி, வெளியில ஒரு அடுப்பு. அடுப்பு எதுக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது.

எனக்கு முன்னாடி ஒரு எக்ஸ்எல் நின்னுது. பின்னாடி மீன் பெட்டி, மேல ஈரச் சாக்கு. ஏலத்துல எடுத்த சரக்கு ஐஸ்ல இருக்கு. கரைஞ்சு அடியில சொட்டிக்கிட்டே இருக்கு. அந்த அண்ணன் பொன்னேரி பக்கம் ஊர் ஊரா விக்கப் போகணும். பெட்டியோட வண்டி நகரவே மாட்டேங்குது.

“தம்பி, நீ ஊர் சுத்த வந்தவன். இவருக்கு மீன் நாறிடும். இவரை அனுப்பிட்டு உன்னதைப் பார்க்கறேன்,” என்றார் மெக்கானிக். அப்புறம் என் என்ஜின் மேல கையை வெச்சுப் பார்த்துட்டு, “அதுக்குள்ள இது ஆறட்டும். சூடா இருந்தா உண்மையைச் சொல்லாது.”

பழவேற்காட்டு மீனவர்களுக்கு ‘பாடு’ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்துல, எந்த நாள்ல, எந்தக் குப்பத்துக்காரங்க வலை போடலாம்ங்கறதை முறை வெச்சுப் பிரிச்சுக்கறது. அந்தக் கடையில எனக்கு ரெண்டாவது பாடு. உட்கார்ந்தேன்.

அந்த மொபெட்டைப் பத்தி ஒரு நிமிஷம். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட். டவுன்ல ஆபீஸ் போறவங்களுக்காக விளம்பரம் பண்ணாங்களோ என்னவோ, கிராமத்துல அது சரக்கு வண்டி ஆயிடுச்சு. பால் கேன், தேங்காய் மூட்டை, மீன் பெட்டி. அதோட வாரிசுதான் எக்ஸ்எல். பழைய எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும். அந்த ஆயில் முழுசா எரியாம சைலன்சருக்குள்ள கரியா படியும். வருஷக் கணக்குல படிஞ்சா புகை போக வழி இல்லாம மூச்சு முட்டும். டூ ஸ்ட்ரோக்ல பழைய புகை வெளிய போனாத்தான் புதுக் கலவை உள்ள வரும். அதனால அடைப்புன்னா நேரா இழுவை போச்சு.

மெக்கானிக் பண்ண சோதனை ரொம்ப எளிமை. சைலன்சரைக் கழட்டிட்டு ஒரே ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். காது கிழியற சத்தம், ஆனா வண்டி துள்ளுது. அப்போ என்ஜின்ல குறை இல்ல, அடைப்பு சைலன்சர்ல. உள்குழாயை உருவி அடுப்புல போட்டார். கரி சிவக்கச் சிவக்க எரிஞ்சு உதிர்ந்துது. தட்டி, ஊதி, மாட்டி, அரை மணி நேரத்துல மீன் அண்ணன் கிளம்பிட்டார். போறப்போ, “அண்ணே, காசு சாயங்காலம்,” என்றார். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்து நான். நான் ஆரம்பிச்சதே தப்பா. “அண்ணே, வால்வு போயிடுச்சு, என்ஜின் இறக்கணும்னு சொன்னாங்க.” அவர், “நோவு என்னன்னு சொல்லு, மருந்து என்னன்னு சொல்லாத,” என்றார்.

சத்தம் எப்போ வருது? ஆக்சிலரேட்டரை விடும்போதா, முறுக்கும்போதா? எங்க வருது? கார்புரேட்டர் பக்கம் தும்முற மாதிரியா, சைலன்சர் பக்கம் வெடிக்கிற மாதிரியா? அதிகமா விடும்போது, சைலன்சர்ல, ஆனா முறுக்கும்போதும் நடுநடுவுல வருதுன்னேன்.

சைலன்சர்ல வெடிச்சா என்ன அர்த்தம்னா, சிலிண்டருக்குள்ள எரிய வேண்டிய பெட்ரோல் எரியாம வெளிய வந்து, அங்க இருக்கற சூட்டுல பத்திக்குது. டச்சு ஆலையில நடக்கக் கூடாதுன்னு பயந்த அதே சமாச்சாரம், சின்ன அளவுல. தப்பான இடத்துல நெருப்பு. இனி கேட்க வேண்டியது, பெட்ரோல் ஏன் எரியாம வெளிய வருது?

முதல் சந்தேகம் கேஸ்கட். கந்தல் துணியைச் சுருட்டி சைலன்சர் வாயை லேசா அடைச்சார். என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு. பைப் தலையோட சேர்ற இடத்துல ‘சிஸ்’ஸுன்னு சத்தம், ஓரத்துல கரிக்கோடு. அங்க கசியுது. அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போச்சுன்னா, மிச்சம் மீதி பெட்ரோலுக்கு ஆக்சிஜன் கிடைச்சு ‘டப்’. எனக்கு ஒரே சந்தோஷம், கண்டுபிடிச்சாச்சுன்னு. அவர் சந்தோஷப்படல. “இது சத்தத்துக்குப் பதில். இழுவைக்கு?” சிலிண்டரைத் தாண்டி வெளிய வந்த புகை எங்க கசிஞ்சா என்ன, என்ஜினோட பலம் அதனால இவ்ளோ குறையாது. ரெண்டு நோவு, ஒரே காரணம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ரெண்டும் ஒண்ணாவே ஆரம்பிச்சுதுன்னா முதல்ல ஒரே காரணத்தைத் தேடணும்.

ரெண்டாவது, பிளக். கழட்டிப் பார்த்தார். வெள்ளையா வெளுத்திருந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. கறுப்பா கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம். என்னது காபித்தூள் நிறம். கலவை சரி.

இதுல ஒரு இடைச்செருகல், ஏன்னா பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் இப்போ இதைத்தான் கேட்கறாங்க. பங்க்ல இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, நம்ம வெடியுப்பு மாதிரி. அதனால அதே அளவு பெட்ரோல் போனாலும் கலவை கொஞ்சம் மெலிஞ்சு போகும். புது வண்டியில சென்சர் பார்த்து அளவை மாத்திக்கும். பழைய கார்புரேட்டர் ஜெட்டுக்கு அதெல்லாம் தெரியாது. 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே பழைய இருசக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும்னு எதிர்பார்த்துச்சு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். ஆக, சைலன்சர் வெடிப்புக்கு இது காரணமா இருக்கலாமா? இருக்கலாம். ஆனா மேம்பாலத்துல மூணாவது கியர்ல நிக்கற அளவுக்கு இழுவை போகறதுக்கு 20 சதவீத எத்தனாலைக் குறை சொல்ல முடியாது. இப்போ எல்லா நோவுக்கும் அதையே காட்டற பழக்கம் வந்திருக்கு. பிளக் நிறம் பார்க்க ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

மூணாவது, பாயிண்ட். பழைய புல்லட்ல பொறி எப்போ விழணும்னு முடிவு பண்றது ஒரு சின்ன உலோக இதழ்ஜோடி. திறக்கற நொடியில பிளக்ல பொறி. அந்த இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கணும். தேய்ஞ்சுதுன்னா பொறி தாமதமாகும். தாமதமானா எரிஞ்சு முடியறதுக்குள்ள வால்வு திறந்துடும். நெருப்போட வெளிய வரும். இழுவையும் போகும், சைலன்சரும் வெடிக்கும். ரெண்டு நோவுக்கும் பொருந்தற முதல் காரணம் இது. அவர் அளவுத் தகடை விட்டுப் பார்த்தார், அப்புறம் ஹெட்லைட் மேல இருக்கற ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டே என்ஜினைக் கையால மெதுவா சுத்தினார். பாயிண்ட் மூடியிருந்தா முள் சாயும், திறந்தா நடுவுக்கு வரும். சரியான இடத்துல வந்துது. பாயிண்ட்டும் இல்ல.

நாலாவதுதான் எனக்கு மறக்காது. “கிக்கர் மேல ஏறி நில்லு, உதைக்காத, சும்மா நில்லு.”

புல்லட் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பிஸ்டன் மேல வர்ற நேரத்துல கிக்கர் கல்லு மாதிரி நிக்கும், ஆளையே தாங்கும். நான் ஏறி நின்னேன். மெதுவா, லிஃப்ட்ல இறங்கற மாதிரி கீழ போயிட்டேன். ‘புஸ்ஸ்…’னு எங்கயோ காத்து போற சத்தம். அவர் காதை வெச்சு மூணு இடத்துல கேட்டார். கார்புரேட்டர் வாயில சத்தம் வந்தா உள்வால்வு. ஆயில் ஆவி போற குழாயில வந்தா பிஸ்டன் ரிங். சைலன்சர்ல வந்தா வெளிவால்வு. என்னைத் திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கி, சைலன்சர் வாயில உள்ளங்கையை வெச்சு, “இங்கதான்” என்றார்.

இந்த இடத்துல வண்டியை அப்படியே நிறுத்திட்டு, 1673க்குப் போகலாம்.

பழவேற்காடு டச்சுக்காரர்களின் தலைமையிடமா இருந்த அதே காலத்துல, கிறிஸ்டியான் ஹைகன்ஸ்னு ஒரு டச்சு விஞ்ஞானி பாரிஸ்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். ஊசல் கடிகாரம் செஞ்சவர், சனி கிரகத்தோட வளையத்தை விளக்கினவர். வெடிமருந்தால குண்டைத் தூக்கி எறிய முடியும்னா, வேற வேலையும் செய்ய வைக்க முடியாதான்னு யோசிச்சார். நிமிர்ந்து நிக்கற ஒரு சிலிண்டர், உள்ள ஒரு பிஸ்டன், அடியில ஒரு துளி வெடிமருந்து. பத்த வெச்சதும் சூடான வாயு பக்கத்துல இருக்கற தோல் குழாய்கள் வழியா வெளிய சீறும். போனதும் அந்தத் தோல் குழாய்கள் ஒட்டிக்கிட்டு மூடிக்கும். உள்ள மிச்சம் இருக்கற வாயு ஆறிச் சுருங்கும். வெளிக்காத்து பிஸ்டனைக் கீழ அழுத்தும். கயிறும் கப்பியும் வெச்சு அந்த அழுத்தத்தால எடை தூக்கலாம்.

சிலிண்டர், பிஸ்டன், உள்ளே நெருப்பு. நம்ம வண்டிகளோட தூரத்துக் கொள்ளுத்தாத்தா இது. பழவேற்காட்டு மருந்தை அவர் பயன்படுத்தினார்னு நான் சொல்ல வரல, அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. ஒரே காலம், ஒரே நாட்டுக்காரங்க, ஒரே பொருள், அவ்ளோதான். என்னை நிறுத்தினது அந்தத் தோல் குழாய்கள். திறக்க வேண்டிய நேரம் திறக்கணும், மூட வேண்டிய நேரம் முழுசா மூடணும். உள்ள கொஞ்சம் வாயு தங்கினாலும், வெளியிலிருந்து கொஞ்சம் காத்து நுழைஞ்சாலும் பலம் போச்சு. அந்த இயந்திரம் வேலைக்கு உதவற நிலைக்கு வராததுக்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு உதவியாளரா இருந்த தெனி பப்பேன் வெடிமருந்தை விட்டுட்டு நீராவிக்குப் போனார். 1690ல தன் யோசனையை வெளியிட்டார். டச்சுக்காரங்க பழவேற்காட்டுல இருந்து தலைமையிடத்தை மாத்தினதும் அதே 1690. இந்த மாதிரி தற்செயல்கள் கிடைச்சா எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கொண்டாட்டம்தான். அர்த்தம் ஒண்ணும் தேடாதீங்க.

திரும்ப வாங்க, கோட்டைக்குப்பத்துக்கு. கசிவு சைலன்சர் பக்கம். அப்போ வெளிவால்வு மூடல. சென்னையில சொன்னது சரிதான், தலையைக் கழட்டணும், இரும்புக் கடை உறுதின்னு எனக்குள்ள ஓடுது. அவர் சிலிண்டரோட அடியில பக்கவாட்டு மூடியைக் கழட்டினார். உள்ள ரெண்டு நீளத் தண்டு. வால்வைத் தள்ளித் திறக்கறது அதுதான். என்ஜின் ஆறியிருக்கும்போது விரலால சுத்தினா அது லேசா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. சுத்துது. அப்போ தண்டு வால்வை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இல்ல. எக்ஸ்எல்லுக்காக நான் காத்திருந்தது இதுக்குத்தான் உதவிச்சு. சூட்டோட இதைப் பார்த்திருந்தா தப்பாக் காட்டியிருக்கும்.

அப்புறம் அவர் என் இடது கையைப் பார்த்தார். கைப்பிடியில கிளட்சுக்குப் பக்கத்துல ஒரு குட்டி லிவர். “இதை எப்போ கடைசியா புடிச்ச?”

டீகம்ப்ரஸர். உங்கள்ல நிறைய பேர் பார்த்தே இருக்க மாட்டீங்க. பழைய புல்லட்ல 346 சிசி ஒரே சிலிண்டர்ல. அந்தக் காத்தை அழுத்திக்கிட்டு உதைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. தப்பா உதைச்சா கிக்கர் திருப்பி அடிச்சு முழங்கால் வீங்கும். அதுக்காகச் சிலிண்டர் தலையில ஒரு சின்ன உபரி வால்வு. லிவரைப் பிடிச்சா அது திறந்து, அழுத்தின காத்து வெளிப்போக்குப் பாதைக்குள்ள போயிடும். பிஸ்டனை உச்சிக்கு மேல மெதுவா தள்ளி வெச்சுட்டு, லிவரை விட்டுட்டு, ஒரே உதை. எங்க அப்பா இதைத் தினமும் காலையில பூஜை மாதிரி பண்ணுவார். முள்ளைப் பார்ப்பார், லிவரைப் பிடிப்பார், காலை அழுத்துவார், விடுவார், உதைப்பார். ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சுன்னா அன்னிக்கு முகத்துல ஒரு பெருமை இருக்கும்.

அந்த லிவரிலிருந்து வால்வுக்குப் போற கேபிள் உள்ள துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துது. மேல பார்த்தா லிவர் விட்ட மாதிரிதான் இருக்கு. உள்ளக் கம்பி திரும்பி வரல. அதனால அந்தச் சின்ன வால்வு ஒரு மயிரிழை திறந்தே கிடந்துது. அழுத்தும்போது எரியாத கலவை அது வழியா வெளிப்போக்குப் பாதைக்குக் கசியும், அங்க சூட்டுல ‘டப்’. எரியும்போது அழுத்தமும் அதே வழியா போகும், இழுவை காலி. கேஸ்கட் ஓட்டை வெளிக்காத்தை விட்டு அந்தச் சத்தத்தைப் பெருசாக்கிச்சு.

அவர் கேபிளை வால்வு முனையில கழட்டி விட்டார். ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, வால்வைக் கையால நாலு தடவை அழுத்தி விட்டார். “இப்போ ஏறி நில்லு.”

நின்னேன். கல்லு. நான் ஆடாம அந்தக் கிக்கர் மேல நிக்கறேன், ஐஸ் தண்ணி கொட்டின தரையில, சிரிச்சுக்கிட்டு.

தப்பு யார் மேலன்னு கேட்டா, என் மேலதான். எங்க வீடு காசிமேட்டுல. வண்டி ரெண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்குள்ள நின்னுது. கடல் காத்துல இருக்கற உப்பு ஈரத்தோட சேர்ந்து கேபிள் உறைக்குள்ள இறங்கி, வெளிய தெரியாம உள்ளயே அரிச்சிருக்கு. நான் வண்டியைத் துடைச்சேன், பாலிஷ் போட்டேன், டேங்கைப் பளபளன்னு வெச்சேன். ஒரு சொட்டு ஆயில் அந்தக் கேபிள்ல விடல. “இந்த ஊர்ல எல்லாத்தையும் உப்பு தின்னும் தம்பி. போட்டு என்ஜினா இருந்தாலும் சரி, புல்லட்டா இருந்தாலும் சரி. ஆடுற இடம் எல்லாம் ஆடிக்கிட்டே இருக்கணும்,” என்றார்.

போட்டுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இதே புல்லட் உடம்புல கிரீவ்ஸ் லம்பார்டினி டீசல் என்ஜினைப் போட்டு ‘டாரஸ்’னு ஒரு வண்டி வந்துது. படகுக்கும் பம்ப்செட்டுக்கும் ஓடின வகை என்ஜின். மெதுவா போகும், மைலேஜ் கொட்டும், பிளக்கும் கிடையாது, பாயிண்ட்டும் கிடையாது. அதனால இந்த மாதிரி ‘டப்’பும் கிடையாது. அதிர்வுல பல்லு ஆடும், அது வேற கதை.

இந்த வண்டி பிறந்த இடமும் அதே ரோட்லதான் இருக்கு. இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கற ஊர்ல அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்துது. அதுக்கு உதிரி பாகம் செஞ்சு கொடுத்த ரெட்டிச் ஊர்க் கம்பெனி அந்தப் பெயரையே தன் சைக்கிளுக்கு வெச்சுக்கிச்சு. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். சின்னம் ஒரு பீரங்கி, விளம்பர வாசகம் ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’. வண்டிக்கு புல்லட்னு பேரு வந்ததும் அந்த வாசனையிலதான். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள், பிறகு எல்லாம் இங்கேயே. 1970ல இங்கிலாந்துல தயாரிப்பே நின்னு போச்சு. திருவொற்றியூர்ல நிக்கல. அதனாலதான் 1949ல ரெட்டிச்சுல யோசிச்ச ஒரு குட்டி லிவர், இன்னொரு நாட்டுல, இன்னொரு கடற்கரையில, அம்பது வருஷத்துக்கு மேல அப்படியே வந்துக்கிட்டே இருந்துது. 2000களோட கடைசியில புது என்ஜின் வந்தப்பதான் கைப்பிடியில இருந்து அது போச்சு. பட்டன் வந்துடுச்சு, லிவருக்கு வேலை இல்ல. அதைத் தெரிஞ்சுக்க வேண்டிய தேவையும் புது மெக்கானிக்குகளுக்கு இல்லாம போச்சு. சென்னைக் கடைக்காரர் என்னை ஏமாத்தினார்னு நான் நினைக்கல. சைலன்சர்ல காத்து வந்தா வெளிவால்வு, அவர் படிச்ச என்ஜின்ல அதுதான் சரியான பதில்.

அண்ணனுக்கு என்ன கொடுக்கணும்னு கேட்டேன். கேபிள் அங்க இல்ல, அதனால வேலை முடியலன்னு கணக்குப் போட்டு, டீக்குக் காசு மட்டும் வாங்கினார். கேபிள் வாங்கி மாட்டறவரைக்கும் அப்பா மாதிரி முள்ளைப் பார்த்து, உச்சியைத் தாண்ட வெச்சு உதைன்னார். ரெண்டு தடவை கிக்கர் திருப்பி அடிச்சுது. மூணாவது உதையில பிடிச்சுது.

பொன்னேரி, மீஞ்சூர், மணலி புதுநகர், திருவொற்றியூர். வரும்போது திணறின அதே மேம்பாலத்தை நாலாவது கியர்லயே ஏறினேன். லாரிக்காரர் யாரும் இல்லாதது வருத்தம்தான். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டு, “கிக்கர் மேல ஏறி நில்லுங்க”ன்னேன். எதுக்குடான்னு கேட்டுக்கிட்டே ஏறினார். கொஞ்ச நேரம் நின்னார். இறங்கல. “டீகம்ப்ரஸரா?” என்றார். நான் ஒண்ணுமே சொல்லல இன்னும். “எனக்குத் தோணியிருக்கணும்,” என்று முனகிக்கிட்டே உள்ள போய், எங்கயோ அலமாரியில இருந்து ஒரு புதுக் கேபிளைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எந்த வருஷம் வாங்கி வெச்சாரோ.

இரும்புக் கடைப் பேச்சு அதோட நின்னுடுச்சு. கேஸ்கட்டை நான் இன்னும் மாத்தல. ஆக்சிலரேட்டரை விட்டா எப்பவாவது ஒரு ‘டப்’ வரும். கடைசியா அந்தச் சத்தத்தையும் போடறேன், கேளுங்க.

[வண்டிச் சத்தம்: என்ஜின் வேகம் குறைகிறது, ஒரு வெடிப்பு]